கௌதாரி யானையைத் திட்டிய வழக்கு

ஒரு காட்டில் காத்தாயி என்றொரு கௌதாரி இருந்தாள். யானைகள் குளத்துக்குப் போகிற பாதையை ஒட்டி ஒரு சூரைமுள் புதர். அதன் அடியில்தான் அவள் குடியிருப்பு. கௌதாரிக்கு மரத்தில் கூடு கட்டும் பழக்கம் கிடையாது. தரையில் சருகைக் கூட்டி, முட்டையிட்டு, மேலே உட்கார்ந்துகொள்ளும். முள்ளுக்குப் பயந்து அந்தப் பக்கம் கீரியும் வராது, உடும்பும் வராது. முள்ளை ஒரு பொருட்டாக நினைக்காதவர் அங்கே ஒருவர்தான் இருந்தார்.

அவர் பெயர் ஐராவதமூர்த்தி. யானை. பெரிய இடத்துப் பிள்ளை என்றாலும் பேச்சில் அப்படியொரு பணிவு. எறும்பைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் காலில் சேறு ஒட்டினால் பிடிக்காது. அதனால் குளத்துக்குப் போகும்போது பாதையை விட்டுச் சற்று ஒதுங்கி நடப்பார். ஒதுங்குகிற இடத்தில் காத்தாயியின் முட்டைகள் இருக்கும்.

முதல் தடவை மிதித்தபோது நின்று திரும்பிப் பார்த்தார். தும்பிக்கையைப் பவ்யமாக மடக்கிக்கொண்டு, "அடடா, கவனிக்காம விட்டுட்டேம்மா. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார். மறுநாள் ஒரு பலாப்பழத்தோடு துக்கம் விசாரிக்க வந்தார். கௌதாரி பலாப்பழம் தின்னாது. ஆனாலும் காடு முழுக்க அதையேதான் பேசிக்கொண்டது. அவ்வளவு பெரிய உருவம், என்ன ஒரு பண்பு என்று.

அடுத்த தடவையும் அதே வருத்தம், அதே பலாப்பழம். காத்தாயி இறக்கையைக் கூப்பிக் கேட்டுக்கொண்டாள்.

"ஐயா, கொஞ்சம் பாதையிலயே நடந்தீங்கன்னா புண்ணியமா போகும்."

"கட்டாயம்மா. இதைச் சொல்லணுமா" என்றார் அவர்.

அதற்கடுத்த தடவை அவர் மிதித்த முட்டைகளுக்குள் குஞ்சுகள் அலகால் தட்டத் தொடங்கியிருந்தன. காத்தாயி அன்று காலையில்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தாள். புருஷன் மாயாண்டியைக் கூப்பிட்டுக் காதை வைத்துக் கேட்கச் சொல்லியிருந்தாள்.

"அடடா" என்று ஆரம்பித்தார் ஐராவதமூர்த்தி.

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு தெரியலையாடா, தடிமாடு?" என்றாள்.

ஐராவதமூர்த்தியின் காதுகள் இரண்டும் ஆடாமல் நின்றன. பக்கத்துக் கிளையில் இருந்த மைனா ஒன்று செல்போனை எடுத்துப் பிடித்து, காத்தாயி அதையே இரண்டாம் முறை சொன்னபோது பதிவு செய்துகொண்டது. முட்டை உடைந்தது அந்தப் படத்தில் இல்லை. வாயைத் திறக்கிற கௌதாரியும், கலங்கிய கண்ணோடு நிற்கிற யானையும்தான் இருந்தார்கள். குட்டிகள் பார்க்கும் என்பதால் கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் குயில் கூவும் சத்தத்தைச் சேர்த்து அனுப்பியிருந்தது மைனா. அதுதான் வினையாகப் போயிற்று. பார்த்தவர்கள் எல்லாம் குயிலுக்குப் பின்னால் தங்களுக்குத் தெரிந்ததிலேயே மோசமான வார்த்தையைப் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். காட்டுப்பன்றிகள் போட்டுக்கொண்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"பேசாம இருந்திருக்கலாம் நீ" என்றான் மாயாண்டி.

"இத்தனை தடவையும் பேசாமத்தானே இருந்தேன்."

"கடைசித் தடவையும் இருந்திருக்கலாம்னு சொல்றேன்."

காட்டில் பண்புச் சபை என்று ஒன்று உண்டு. அதன் தலைவர் சபாநாதம் என்கிற நாரை. அவர் வந்து இடத்தைப் பார்த்தார். உடைந்த ஓடுகளை நாசூக்காகத் தாண்டி, வார்த்தை விழுந்த இடம் எது என்று விசாரித்து, அதைச் சுற்றி வேலி போடச் சொன்னார். விசாரணை முடியும்வரை யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவள் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. காவலுக்கு இரண்டு முள்ளம்பன்றிகளை நிறுத்திவிட்டுப் போனார்.

சபை கூடிய அன்று காத்தாயியை முள்ளம்பன்றிகளுக்கு நடுவில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"அவர் மிதிச்சாருங்க" என்றாள் காத்தாயி.

"அது வேற விஷயம்மா" என்றார் சபாநாதம், ஒற்றைக் காலில் நின்றபடி. "மிதிச்சது கால். காலுக்கு மனசு கிடையாது. திட்டினது வாய். வாய்க்குப் பின்னாடி மனசு இருக்கு."

"முட்டைக்குள்ளயும் இருந்துச்சுங்க."

"அதை இப்ப நிரூபிக்க முடியாது இல்லையா" என்றார் அவர், மிகவும் கனிவாக.

அடுத்ததாக ஐராவதமூர்த்தியைப் பேசச் சொன்னார்கள். அவர் மெலிந்திருந்தார் என்று சிலர் சொன்னார்கள். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. "எனக்கு யார் மேலயும் கோவம் இல்லை" என்று தொடங்கினார். "ஆனா சாப்பாடு இறங்க மாட்டேங்குது. குளத்துல குனிஞ்சா என் முகம் மாடு மாதிரி தெரியுது." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். நடிப்பில்லை. நிஜமாகவே அழுதார். கண்ணீர் ஓடி மண்ணை நனைத்தது. காத்தாயிக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. முட்டைகளுக்காக அவர் இப்படி அழவில்லையே என்ற நினைப்பு வந்ததும் அந்தப் பாவம் பறந்துவிட்டது.

அப்போது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து காட்டெருமைத் தலைவர் கரிவரதன் எழுந்தார்.

"ஒரு சந்தேகம். மாடு மாதிரி தெரிஞ்சா என்ன குறைஞ்சு போச்சு?"

ஐராவதமூர்த்தி அழுகையை நிறுத்தினார். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலை."

"எந்த அர்த்தத்துல சொன்னீங்க? எங்க இனத்துப் பேரைச் சொன்னா உங்களுக்குச் சாப்பாடு இறங்காதா?"

அவ்வளவுதான். யானைகள் ஒரு பக்கமும் மாட்டினம் மறுபக்கமும் பிரிந்து நின்றன. வார்த்தை யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ அவருக்கு அவமானமா, யார் பெயரால் சொல்லப்பட்டதோ அவர்களுக்கு அவமானமா என்று கண்டறிய ஒரு துணைக் கமிட்டி போட்டார்கள். 'தடி' என்ற பாதியைப் பற்றி மூங்கில்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று யாரோ சொல்ல, அதற்கும் ஒன்று போட்டார்கள். மூங்கில் பேசாது என்பதால் அந்தக் கமிட்டி காத்துக்கொண்டிருந்தது.

காத்தாயி புதரடிக்குத் திரும்பினாள். சுற்றிலும் வேலி, வாசலில் காவல். பாதையை விட்டு ஒதுங்கி ஒரு காலும் வரவில்லை. வேறு வேலையும் இல்லாததால் முட்டையிட்டாள்.

மாயாண்டி வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். "வழக்கு நடக்கிற நேரத்துல இது தேவையா?"

"இப்ப விட்டா எப்ப?" என்றாள் அவள்.

அடைகாத்தாள். முள்ளம்பன்றிகள் மாறி மாறிக் காவல் இருந்தன. எட்டிப் பார்த்த கீரி ஒன்றை, சாட்சியத்தைக் கலைக்க வந்தவன் என்று சொல்லி முள்ளால் குத்தித் துரத்தின. காத்தாயிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நல்ல தூக்கம் வந்தது.

முட்டைக்குள் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிய நேரம் பார்த்துச் சபையிலிருந்து ஆள் வந்தது. கமிட்டிகளுக்குச் சலித்துவிட்டதாம். யானையும் எருமையும் சமாதானமாகப் போக ஒப்புக்கொண்டார்களாம். காத்தாயி வந்து ஒரே ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும், அன்றைக்கே வழக்கை முடித்து வேலியைப் பிரித்துவிடலாம் என்றார்கள்.

"நல்லதாப் போச்சு" என்றான் மாயாண்டி. "போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு. கௌரவம் பார்க்காத."

"வேலியைப் பிரிச்சதும் அவரு குளத்துக்குப் போவாரே."

மாயாண்டி முட்டைகளைப் பார்த்தான். பிறகு பாதையைப் பார்த்தான். வேலிக்கு அடியில் நுழைந்து, முட்டைகளின் மேல் தானே போய் உட்கார்ந்துகொண்டான்.

காத்தாயி சபைக்கு நடந்தாள். வழியெல்லாம் யோசித்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை என்றால் திமிர் என்று வேறு காட்டுக்குத் துரத்திவிடுவார்கள். கேட்டாலோ, நாளைக்கே ஒரு பலாப்பழம் வரும். சபையில் எல்லோரும் புன்னகையோடு இருந்தார்கள். ஐராவதமூர்த்தி தும்பிக்கையை மடக்கி, மன்னிப்பதற்குத் தயாராக நின்றார்.

"சொல்லும்மா" என்றார் சபாநாதம். "மனசுல இருந்து வரணும்."

"சரிங்க கொக்கு" என்றாள் காத்தாயி.

சபாநாதம் தூக்கிவைத்திருந்த காலைக் கீழே வைத்தார். "நான் நாரை."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. மீனுக்கும் அப்படித்தான்."

நாரைகள் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. கொக்குகள் கூட்டத்திலிருந்து, எங்களைச் சொன்னால் ஏன் சத்தம் போடுகிறீர்கள் என்று இன்னொரு சத்தம் எழுந்தது. அவ்வளவு நாளும் கனிவாகவே இருந்த சபாநாதத்தின் முகம் அலகு வரை சிவந்தது. வேலியை இரட்டிப்பாக்கச் சொல்லி உத்தரவு போட்டார். காவலுக்கு இன்னும் இரண்டு முள்ளம்பன்றிகள் வந்தன.

அன்றே குஞ்சுகள் பொரிந்தன. ஈரம் காய்ந்ததும் ஓடத் தொடங்கின. வழக்கு இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. ஐராவதமூர்த்தி சேற்றில் கால் வைத்து, பாதை நடுவிலேயே குளத்துக்குப் போகிறார், மிகவும் மனம் நொந்தபடி.

சில நாள் கழித்து ஒரு முயல் வேலியோரம் வந்து தயங்கி நின்றது.

"அக்கா, காட்டுப்பன்னிங்க தினமும் எங்க வளையைத் தோண்டிப் போடுறாங்க. கேட்டா, சாரிங்கறாங்க. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்களேன்."

காத்தாயி குஞ்சுகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவையும் தெரிந்துகொள்ளட்டும் என்று.

"பன்னியைப் பன்னின்னு திட்டினா உறைக்காது. போடா முள்ளம்பன்னின்னு சொல்லு. ஒரே வார்த்தை ரெண்டு பேருக்கு வலிக்கணும், கண்ணு. அப்பத்தான் கமிட்டி நீளும்."

காவலுக்கு நின்ற முள்ளம்பன்றிகள் திரும்பிப் பார்த்தன.

"உங்களைச் சொல்லலைங்க" என்றாள் காத்தாயி, மிகுந்த பணிவோடு.

நீதி: முட்டையை மிதித்தவர் வருத்தம் தெரிவித்தால் போதும், மனதை மிதித்தால்தான் வேலி போடுவார்கள். ஆகவே குழந்தைகளே, குடியேறும் முன் நல்ல கெட்ட வார்த்தையாக ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.