இருநூற்றாறு எலும்பும் ஒல்லி மாமாவும்

ஓவியக்காரி காபிக் கோப்பையோடு அறைக்குள் நுழைந்தபோது எலும்புக்கூடு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது.

நேற்று மாலை அறையைச் சாத்தும்போது இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தொங்கும் கையைத்தான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரைந்திருந்தாள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே பதில்தான். கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்.

"இதோட கை நேத்து இப்படியா இருந்துச்சு?"

"உனக்குப் பவர் ஏறியிருக்கு. ஞாயித்துக்கிழமை கடைக்கு வா, பாத்துடலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் குழந்தைகளின் அறிவியல் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். இப்போது கையில் இருந்தது எலும்புகளைப் பற்றிய புத்தகம். 'நமக்குள்ளே இருநூற்றாறு பேர்' என்று தலைப்பு. படிக்கிற பிள்ளை வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும், சிரித்து முடிப்பதற்குள் பாடமும் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். அதுதான் திட்டம். ஆனால் அவள் முதலில் வரைந்த பத்துப் படங்களை எடிட்டர் ஒரு மூன்றாம் வகுப்பில் காட்டியபோது, நாற்பது பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. ஒன்று மட்டும் அழுதது.

"இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம் மேடம். அதுக்கு மேலன்னா வேற ஆளைத்தான் போடணும்," என்றார் எடிட்டர்.

பன்னிரண்டு வருஷமாக வரைகிறவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நேரில் பார்த்து வரைந்தால் உயிர் வரும் என்று எடிட்டரே ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்தார். மறுநாள் மதியமே எலும்புக்கூடு வீட்டு வாசலில் வந்து நின்றது; கொண்டுவந்த ஆள் அவசரமாகப் போய்விட்டார்போலும் என்று அவள் உள்ளே எடுத்து வைத்தாள். எட்டு வயது மகள் பார்த்த மாத்திரத்தில் அதற்கு 'ஒல்லி மாமா' என்று பெயர் வைத்துவிட்டாள்.

இடுப்பில் கை வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும் என்று ஓவியக்காரி அப்படியே வரைந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்தே இப்படி இளைத்துப்போனேன் என்று அது சொல்வதாகக் கீழே ஒரு வரி எழுதினாள். மறுநாள் எடிட்டர் போனிலேயே சிரித்தார்.

"மேடம், பிள்ளைங்க பெஞ்சுல உருண்டு உருண்டு சிரிக்குதுங்க! இதே மாதிரி இன்னும் வேணும்!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். எலும்புக்கூடு காதருகே கையைக் குவித்து, ஒட்டுக்கேட்பதுபோல் தலையைச் சாய்த்திருந்தது. அதற்குத்தான் காதே கிடையாதே!

அன்று அவள் வரைய வேண்டியிருந்தது காதுக்குள் இருக்கும் எலும்பைத்தான். உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு அது.

மகளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உண்மையைச் சொல்லு. நீதானே கையைத் திருப்பி வைக்கிறே?"

"எனக்கு எட்டாதும்மா. ஸ்டூல் போட்டாக்கூட எட்டலை."

"அப்ப ஸ்டூல் போட்டுப் பாத்திருக்கே!"

"பாத்தேன். முதல்ல எட்டலை. அப்புறம் மாமாவே குனிஞ்சாரு."

ஓவியக்காரி சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அன்று மாலை கணவரை விடவில்லை. "மூட்டெல்லாம் லூசா இருக்கும். அதான் தானா ஆடுது. ரெண்டு ஸ்க்ரூவை முறுக்கினா அடங்கிடும்," என்று சொல்லி, கண்ணாடி மாட்டும் குட்டித் திருப்புளியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"முறுக்கிட்டீங்களா?"

"ஸ்க்ரூவே இல்லை."

"பின்னே? கம்பியா?"

"கம்பியும் இல்லை."

"அப்ப எதுலதான் நிக்குது?"

"இப்பல்லாம் புதுசு புதுசா பண்றாங்க," என்றார் கணவர். அதற்குப் பிறகு அவர் அந்த அறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

மறுநாள் அவள் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காலை பதினோரு மணி. நல்ல வெயில். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்கு, பூட்டிய அறைக்குள் யாரோ நாற்காலியை இழுப்பது தெளிவாகக் கேட்டது. கதவைத் திறந்தால், அவளுடைய நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. விரலிடுக்கில் அவளுடைய பென்சில்.

வேறு பென்சில் எடுத்து அதையும் வரைந்தாள். முட்டிச் சில்லைப் பற்றிய பக்கத்துக்கு அது கனகச்சிதமாகப் பொருந்தியது.

வரைந்து முடித்ததும் துணிக்கயிற்றை எடுத்து, எலும்புக்கூட்டை ஜன்னல் கம்பியோடு சேர்த்து ஏழு முடிச்சுப் போட்டாள். இதோடு ஒழிந்தது சனியன் என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். நிம்மதி சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினாள்.

"யாரு விருந்தாளி வந்திருக்காரு? ரொம்ப இளைச்சிருக்காரே!"

"விருந்தாளியா?"

"ஜன்னல்ல நிக்கிறாரே. நான் சும்மா கையாட்டினேன். அவரும் ஆட்டுனாரு. நல்ல மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஏழு முடிச்சும் அவிழ்ந்திருந்தது. கயிறு நாலாக மடிக்கப்பட்டு மேஜைமேல் ஒழுங்காக இருந்தது.

அதற்கப்புறம் அவள் பூட்டவும் இல்லை, கட்டவும் இல்லை. மூன்றே நாள் பாக்கி. விலா எலும்புப் பக்கம் மட்டும் வந்து தொலைக்கவில்லை. பன்னிரண்டு ஜோடி, கடைசி இரண்டு ஜோடி முன்னால் எதிலும் ஒட்டாமல் நிற்கும். இதில் எங்கே இருக்கிறது சிரிப்பு? நாலு முறை வரைந்தாள், நாலு முறையும் கிழித்தாள்.

ஐந்தாம் முறை வரைந்துவிட்டு நிமிர்ந்தபோது, எலும்புக்கூடு உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தது. 'எங்கே, காட்டு' என்று கேட்பதுபோல.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று தைரியம் சொல்லிக்கொண்டு, வரைந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். பஸ் பக்கத்துக்கு, 'கடகட'வென்று ஒரு சத்தம். பல்லோடு பல் மோதும் சத்தம். காதுப் பக்கத்துக்கு இன்னும் பலமாக. முட்டிப் பக்கத்துக்குத் தாடையே கழன்றுவிடும்போல் ஆடியது. விலாப் பக்கத்தைக் காட்டினாள்.

சத்தமே இல்லை.

"ஏன், இது நல்லா இல்லையா?" என்றாள். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்தது.

அது மெல்லக் கையை இறக்கி, ஒட்டாமல் நின்ற கடைசி விலா எலும்பில் ஒற்றை விரலால் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டது. அப்புறம் சுருண்டு, குலுங்கி, கடகடவென்று தானே சிரித்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனாலும் பென்சில் நிற்கவில்லை. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். வரைய வரைய அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது, என்ன கலவரம் என்று பக்கத்து வகுப்பே எழுந்து வந்து பார்த்ததாம். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் விலாவை எண்ணிப் பார்த்தார்களாம். முன்னே அழுத பிள்ளை பன்னிரண்டு ஜோடியையும் விரல்விட்டு எண்ணி ஒப்பித்ததாம். எடிட்டர் சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் கலங்கியது.

"அடுத்த புத்தகமும் நீங்கதான் மேடம்!"

வேலை முடிந்துவிட்டது. இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. வாடகைக்கு ஒரு கார் பிடித்து, பின் சீட்டில் அதைப் படுக்கவைத்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினாள். முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் வாசலில் நின்று, "மாமா, டாட்டா!" என்று கத்தினாள்.

பாதி வழியில் டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"மேடம், பின்னாடி எந்திரிச்சு உக்காந்திருக்காரே, அவருக்கு ஜன்னலை இறக்கி விடணுமா? தட்டிக்கிட்டே இருக்காரு."

"இறக்கி விடுங்க," என்றாள் அவள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் காக்கிச் சட்டை போட்ட உதவியாளர் ஒருவர் மட்டும் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் எலும்புக்கூட்டைத் தோளில் சாய்த்துக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஏனோ பிரிய மனசு வரவில்லை.

"ரொம்ப நன்றிங்க. எடிட்டர் சொல்லி வாங்கினேனே, படம் வரையறதுக்கு. பத்திரமா கொண்டுவந்துட்டேன். ஒரு எலும்புகூடக் குறையலை, எண்ணிப் பாத்துக்குங்க."

உதவியாளர் கையைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தார், அதைப் பார்த்தார். மூலையில் இருந்த அலமாரியைத் திறந்தார். உள்ளே பாலிதீன் உறையோடு ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க எடுத்துட்டுப் போக வருவீங்கன்னு ரெண்டு வாரமா நம்ம பொம்மையைத் துடைச்சு வச்சுக் காத்துக்கிட்டிருக்கேனே மேடம்... உங்க கூட வந்திருக்கிற இவரு யாரு?"