வயிறெரிய வைத்த தற்காலிக இசை

பொறாமைப்படுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும். சங்கீதம் பிறகுதான் வந்தது, அதுவும் விழாக்களில் கீபோர்ட் வாசிக்கிற அளவுக்கு, அரைகுறையாக. பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் யாராவது ஒரு விழாவில் கீபோர்ட் வாசித்துக் கைதட்டு வாங்கினான் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அந்த 'யாராவது' பெரும்பாலும் யோகன்தான். என்னைவிட இளையவன், பொபினி இசைப்பள்ளியில் முறையாகப் படித்தவன், போதாததற்கு நல்ல பிள்ளை. (கெட்டவனாக இருந்திருந்தால் மனதுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.)

இப்படியிருக்க, கிளேர் என்ற பிரெஞ்சுப் பெண் இயக்குநர், உணவகத்தில் கோப்பை கழுவும் தமிழன் ஒருவனைப் பற்றிப் படம் எடுத்தார். இசைக்கும் ஒரு தமிழர் வேண்டும் என்று எங்கள் தெருவில் விசாரிக்க, யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். பிரெஞ்சுப் படத்தின் திரையில் என் பெயர் வரப்போகிறது. கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்கு நின்ற தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னேன். மனைவி வசந்தி மட்டும், "முதல்ல பேர் வரட்டும், பிறகு சொல்லுவம்" என்றாள்.

ஒபர்வில்லியேயில் இருந்த எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார் கிளேர். அதில் ஏற்கெனவே இசை இருந்தது. திக்கென்றது. வெள்ளைக்காரர் படங்களில் இது வழக்கமாம். நம்மவர்கள் மெட்டுப் போட்ட பிறகுதான் பாட்டுக்குக் கமராவையே வெளியே எடுப்பார்கள். இவர்களோ எங்கேயோ கிடைத்த இசையைத் தற்காலிகமாகப் போட்டுப் படத்தை வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் இசையமைப்பாளரைக் கூப்பிட்டு, 'இது மாதிரி வேண்டும், ஆனால் இது வேண்டாம்' என்பார்கள். சரிவராவிட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள்.

படத்தில் அந்தத் தமிழன் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான். பின்னால் ஒரு கீபோர்ட். ஒரு சுரத்தில் நிற்கிறது, போவதா விடுவதா என்று யோசிக்கிறது, பிறகு அடுத்ததைத் தொடுகிறது. என் வயிறு பற்றி எரிந்தது. நன்றாக இருந்தது, அதுதான் பிரச்சினை.

"யார் வாசித்தது?" என்று கேட்டேன்.

"தெரியாது. லா சப்பல் ஆள்தான். இணையத்தில் ஒரு விழா வீடியோவில் கிடைத்தது, வேகத்தைக் குறைத்துப் போட்டோம்" என்றார் கிளேர்.

இப்படி வாசிக்க வேறு எவன் இருக்கிறான்? "அது யோகன்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் பொறாமை வந்தால் என் பிரெஞ்சு தண்ணீராக ஓடும். "மதாம், இவனுக்குத் தாளமும் தெரியாது, இராகமும் தெரியாது. அடுத்தது என்ன வாசிப்பதென்று தெரியாமல் கட்டைகளைத் தடவுகிறான். படம் பார்க்கிறவர்கள் நித்திரை கொள்வார்கள்."

கிளேர் யோகனின் பெயரை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். (அப்போதாவது எனக்கு மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.)

யோகனால் கனவிலும் வாசிக்க முடியாத ஒன்றைச் செய்கிறேன் என்று இறங்கினேன். படத்துத் தமிழன் பஸ்ஸுக்கு நிற்க, பின்னால் நாற்பது வயலின், எக்காளம், முரசு. பஸ்ஸில் அரசர் யாரோ வந்து இறங்கப்போகிறார் போல இருந்தது. கேட்டு முடித்த கிளேர், "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார். பாரிசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சொல் வந்தால் ஆள் வெளியே. அடுத்த கிழமை என்னை எடுத்துவிட்டு யோகனைப் போட்டார்கள்.

சில நாளில் யோகனே வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அது நான் வாசிச்சதில்லை எண்டு அவைக்குச் சொன்னனான். அப்ப அதைப் போல வாசியும் எண்டு நிக்கினம். எனக்குக் கை வருகுதில்லை. இவர் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமே?"

கிளேர் அனுப்பிய அசல் வீடியோவைப் போனில் போட்டான். தேத்தண்ணியோடு வந்த வசந்தி எட்டிப் பார்த்தாள்.

"இது எங்கட அண்ணையின்ரை மகளின்ரை சாமத்தியச் சடங்கெல்லோ."

அப்போதுதான் நினைவு வந்தது. (அழைப்பிதழில் பூப்புனித நீராட்டு விழா என்று போட்டிருந்தார்கள்.) அலங்காரம் செய்ய வேண்டிய பெண் ரயிலில் மாட்டிக்கொண்டாள். பிள்ளையை மண்டபத்துக்குள் கூட்டிவர வழியில்லை. மச்சான் ஓடிவந்து, "பிள்ளை வருமட்டும் எதையாவது வாசியும்" என்றார். சனம் பொறுமை இழக்க, பசியோடு எதையோ வாசித்தேன். வீடியோவில், யோகன் அதுவரை பார்க்காத கடைசிப் பகுதியில், கமரா மேடைக்குத் திரும்பியது. ரோஜா நிறச் சேர்ட்டில், வாசலையே பார்த்தபடி, கட்டைகளைத் தடவிக்கொண்டு நான்.

"அண்ணை, என்ன வடிவா வாசிச்சிருக்கிறியள்" என்றான் யோகன். நல்ல பிள்ளை என்று சொன்னேனே. அங்கேயே கிளேருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னான். அவர் வெகுநேரம் சிரித்தாராம். ஆனால் ஒப்பந்தம் யோகன் பெயரில் முடிந்துவிட்டது, தயாரிப்பாளர் இன்னொரு முறை ஆளை மாற்ற மாட்டார். கடைசியில் நானே பக்கத்தில் இருந்து, எந்தெந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க வேண்டும் என்று யோகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

படம் வந்தபோது குடும்பமாகப் போனோம். என்னைப் போலவே வாசித்திருந்தான். திரையில் அவன் பெயர் வந்தது. வயிறு எரிந்தது.

இப்போதும் ஏதாவது விழாவில் ஒருவன் நன்றாக வாசித்து என் முகம் கறுத்தால், வசந்தி காதுக்குள், "வடிவாப் பாருங்கோ, அதுவும் நீங்களோ தெரியாது" என்பாள். நானும் கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.