சீல் அண்ணாச்சியின் இடது கால்

தூத்துக்குடி துறைமுகத்தில் சீல் அண்ணாச்சி முழுசாக நம்பிய மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. கண்ணாடியில் தன் முகத்தையே "யாருலே நீ?" என்பதுபோலத்தான் பார்ப்பார்.

யார்டில் கண்டெய்னர் வெளியே போகுமுன், அதன் கதவில் பூட்டியிருக்கும் நம்பர் போட்ட சீலைச் சரிபார்ப்பது அவர் வேலை. அவருக்கு உதவியாளான நான் நம்பரை வாசிக்க வேண்டும், அவர் காகிதத்தில் பார்ப்பார். பிறகு அவர் வாசிப்பார், நான் பார்க்க வேண்டும். அப்புறமும் சீலை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தன் சோற்று வாளிக்கும் ஒரு பிளாஸ்டிக் சீல் போட்டிருந்தார்.

அவருக்குச் சுகர். வலது காலில் ஆணி குத்திய புண் ஆறாமல் பெருவிரல் கறுத்துவிட்டது. விரலை எடுக்காவிட்டால் காலையே எடுக்க நேரும் என்றார் டாக்டர். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நான் துணைக்குப் போனேன்.

ஆபரேஷன் அன்று காலையில் நர்ஸ் வந்தபோது, அண்ணாச்சியின் இடது கணுக்காலில் மஞ்சள் சீல் தொங்கியது.

"இது என்ன அண்ணாச்சி?"

"இது நல்ல கால். மாத்தி வெட்டிராதீய. நம்பரை வாசிச்சு ஒரு கையெழுத்துப் போடுங்க."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாசித்தார். "ஒண்ணும் சாப்பிடக் கூடாது. சுகர் மாத்திரையும் இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி என் காதைக் கடித்தார். "சுகரை ஏத்திவிட்டு இன்னும் ரெண்டு நாள் படுக்கப்போடப் பாக்காவ. நான் விடுவனா? ரெண்டு மாத்திரை உள்ள போயாச்சு. வெளிய மூச்சுவிடாத."

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். நர்ஸைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன்.

அவசரக் கேஸ் ஒன்று வந்ததால் எங்கள் முறை தள்ளிப்போனது. பதினோரு மணிக்கு, கூட்டிப் பெருக்க வந்த அம்மா, "பையை அங்கன நகத்தட்டுமா?" என்றார்.

"நகத்தும்மா" என்றார் அண்ணாச்சி.

தன் பையை யாரையும் தொடவிடாத மனிதர்; சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது; கை நடுங்கியது.

"அண்ணாச்சி, கால்ல கிடக்க சீல் நம்பர் என்ன?"

"எதுவா இருந்தா... என்னடே."

நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகக் கத்தினேன். "சிஸ்டர், ஓடி வாங்க! மாத்திரை போட்டுட்டாவ! யாரையும் சந்தேகப்பட மாட்டேங்காவ!"

விரலில் குத்திப் பார்த்த நர்ஸின் முகம் மாறியது. சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆபரேஷன் மறுநாள் நடந்தது. விரல் போயிற்று, கால் தப்பியது.

மயக்கம் தெளிந்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஏலே, மாத்திரை விஷயத்தை எவன் காட்டிக்கொடுத்தான்?"

"நான்தான் அண்ணாச்சி."

"யாருலே நீ?" என்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை பட்ட பிறகுதான், முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எனக்குப் பசி எடுத்தது.