இடுக்கியாரும் சுட்ட மாம்பழமும்

உலகத்தில் இதுவரை பிறந்த மனிதர்களில், வெள்ளரிப்பழத்தைக் கரி நெருப்பில் போட்டு இடுக்கியால் திருப்பிப் பார்த்த ஒரே ஆள் எங்கள் இடுக்கியார்தான். வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் நம்பப் போவதில்லை.

யுத்த காலம். விழுப்புரம் ஜங்ஷனில் நான் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. அவர் லேம்ப்மேன். சாயங்காலமானால் மண்ணெண்ணெய் டப்பாவும் கையுமாகப் போய்க் கைகாட்டி மரங்களில் ஏறி விளக்குப் போடுவது அவர் உத்தியோகம். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இடுப்பில் எந்நேரமும் ஓர் இரும்பு இடுக்கி செருகியிருக்கும், அதனால் இடுக்கி. வயசுக்கு மரியாதை கொடுத்து நாங்கள் இடுக்கியார் என்போம்.

பழத்தைப் பச்சையாகத் தின்பவர்களை அவர் மனிதர்களாக மதித்ததே இல்லை. சித்திரை பிறந்தால் போதும், ஸ்டேஷன் கோடியில் இருந்த அவருடைய ஒற்றை அறை குவார்ட்டர்ஸ் வாசலில் குமுட்டி அடுப்பு வந்துவிடும். மேலே சைக்கிள் கம்பிகளை முறுக்கி அவரே செய்த வலை. வாழைப்பழம், பலாச்சுளை, கொய்யா, முந்திரிப்பழம் எல்லாம் அதில் ஏறி இறங்கும். நான் ஒரு மாம்பழத்தைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

“இன்னா தம்பி, ஆடு மாதிரி அப்படியே துன்னுக்கினு போறே? அடுப்புதான் எரியுதே, கண்ணு தெரியல?”

எல்லாம் ஜெயம் என்று சொல்ல முடியாது. திராட்சை ஒவ்வொன்றாகக் கம்பி இடுக்கில் நழுவி நெருப்பில் விழுந்து வெடித்தது. தர்பூசணி அடுப்பையே அணைத்துவிட்டது. முதலில் சொன்ன வெள்ளரிப்பழம் என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஆனால் மாம்பழத்தில் மனுஷரை அடிக்க ஆள் கிடையாது. கன்னத்தை வழித்து அறுத்து, சதையில் கட்டம் கட்டமாகக் கீறி, தோல் பக்கம் கொஞ்சம், சதைப் பக்கம் கொஞ்சம் என்று கங்கில் காட்டுவார். ஓரம் கருகி, நடுவில் சாறு கொதிக்கும்போது எடுத்து, இரண்டு கல் உப்பைப் பொடித்துத் தூவுவார். சர்க்கரை ரேஷனில் கண்ணால் பார்க்கக்கூடக் கிடைக்காத நாளில் அதை வாயில் வைத்தவன் நான். இன்றைக்கும் எந்த மிட்டாய்க் கடையிலும் எனக்கு வாய் ஊறுவதில்லை.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். காற்றுக்காக அடுப்பைத் தூக்கிக் கட்டைச் சுவர்மேல் வைத்திருக்கிறார். தெற்கேயிருந்து வந்த கூட்ஸ் வண்டியின் டிரைவருக்குத் தூரத்தில் கங்கு சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. நிறுத்திவிட்டார். விசில்மேல் விசில். ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், பின்னால் நான். டிரைவர் இறங்கி வந்து சுவரருகே நின்று அடுப்பைப் பார்க்கிறார், இடுக்கியாரைப் பார்க்கிறார். இடுக்கியார் பதற்றமே இல்லாமல் ஒரு கன்னத்தை இலையில் வைத்து நீட்டினார். டிரைவர் தின்றுவிட்டு, “இன்னொண்ணு கீதா?” என்றார்.

மறுநாள் மேலதிகாரி வந்து விசாரணை. சிவப்பு காட்டியது ஏன் என்று கேள்வி.

“காத்தடிச்சா கரி செவப்பாத்தாங்க எரியும். பச்சையா எரிய வெக்கிற வித்தை எனக்குத் தெரியாதுங்க” என்றார் இடுக்கியார். அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். சுவர்மேல் அடுப்பு வைக்கக் கூடாது என்பதோடு விட்டது.

இப்படிப்பட்டவருக்குச் சிநேகிதர்கள் கூட்டமாக இருந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. பழம் தின்ன வருவோம், தின்போம், கை கழுவிக்கொண்டு போய்விடுவோம். சம்சாரம் செத்து வெகு காலம். ஒரே மகள் கோமளா. அவளையும் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்து அத்தோடு இழந்துவிட்டார். இழந்ததற்குக் காரணமும் இந்த அடுப்புதான்.

நான் விழுப்புரத்துக்கு வருமுன்பே நடந்த கல்யாணம் அது. பாயசத்துக்குச் சர்க்கரை கிடைக்கவில்லை. வெல்லமும் கைக்கு எட்டவில்லை. இடுக்கியார் அசரவில்லை. பந்திக்குப் பின்னால் நாலு குமுட்டி வைத்து, அத்தனை பேருக்கும் மாங்கன்னம் சுட்டு, பாயசம் விழவேண்டிய இடத்தில் வைத்துவிட்டார். தன் மகளுக்குத் தன் கையால் செய்த விருந்து என்று அவருக்கு ஒரே பூரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா இலையைப் பார்த்தாள். ஓரம் கருகிய பழம். அப்படியே எழுந்துவிட்டாள்.

“நல்ல காரியத்துல நெருப்புல கருக்கினத எலையில வெக்கறாங்களே! இது கண்ணாலமா, கருமாதியா?”

அவள் எழுந்ததும் பந்தியே எழுந்தது. தாலி ஏறிவிட்டதால் பெண்ணை மட்டும் அழைத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் மூன்று வருஷம், ஆடிக்கும் அனுப்பவில்லை, பொங்கலுக்கும் அனுப்பவில்லை. இருபத்துச் சொச்சம் மைல்தான். நாளைக்கு எத்தனையோ வண்டி போகிறது. அத்தனைக்கும் விளக்குப் போட்டு வழி விட்டவர் இவர். ஏறிப் போகத்தான் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து என்னைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். ஊரில் ஒரு முகம் தெரியாது. ஓட்டல் சோறு, வாடகை அறை, ஞாயிற்றுக்கிழமையானால் பேச ஆளில்லாமல் பிளாட்பாரத்தையே சுற்றிச் சுற்றி வருவேன். முதல் ஞாயிறு காலைப் பாசஞ்சரில் வந்த கார்டு ஒரு மந்தாரை இலைப் பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

“இடுக்கியாரு குடுத்தாரு. அவரு பொண்ணாண்ட சேத்துடணுமாம். சாயங்காலம் திரும்பி வருவேன், இன்னா சொல்லிச்சின்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு.”

போனேன். ஏரிக்கரைப் பக்கம் வீடு. சம்பந்தியம்மாள்தான் கதவைத் திறந்தாள். பொட்டலத்தை மோப்பம் பிடித்தே கண்டுகொண்டாள். “எங்க ஊட்ல சுட்டத யாரும் துன்றதில்ல. ஜல்தியா எடுத்துக்கினு கெளம்புங்க” என்று கதவைச் சாத்திவிட்டாள்.

பொட்டலத்தோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓட்டல்காரன் அன்று கடை திறக்கவில்லை. மேலே நான் சொல்ல வேண்டுமா? சாயங்காலம் கார்டு வந்தபோது என் சட்டையில் சாறு காய்ந்திருந்தது.

“பொண்ணு இன்னா சொல்லிச்சி?”

கதவைச் சாத்தினார்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கிழவர் விளக்கை ஏற்றிவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்பார் என்று நினைப்பு வந்தது. “ரொம்ப நல்லா இருந்துச்சாம்” என்றேன்.

சொன்னது தப்பாகப் போயிற்று. அடுத்த ஞாயிறு பொட்டலம் இரண்டு மடங்கு. அந்தத் தெரு முனைவரை போனேன். சம்பந்தியம்மாள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் கால் திரும்பிவிட்டது. மறுபடி பெஞ்சு, மறுபடி பொய். வாராவாரம் இதே கதை. அயோக்கியத்தனம் பழகிவிட்டால் அதிலும் ருசி பேதம் வந்துவிடுகிறது. ஒரு வாரம் உண்மையிலேயே உப்பு கொஞ்சம் தூக்கல். “உப்பு ஜாஸ்தின்னு சொன்னாங்க” என்று கார்டிடம் சொல்லியனுப்பினேன். அடுத்த வாரம் உப்பு கச்சிதம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏலக்காய் இருந்தால் தேவலை என்று கோமளா சொன்னாள். கொட்டைப் பக்கத்துச் சதையையும் சுடலாமே என்று கோமளா கேட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததுகூடக் கிடையாது.

ஏழாவது ஞாயிறு கார்டின் கையில் பொட்டலம் இல்லை.

“இடுக்கியாரே வந்துகீறாரு. பின்னால பெட்டில பாரு.”

ஓடிப் போய்ப் பார்த்தேன். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. ஒரு கையில் குமுட்டி, மறு கையில் கரிமூட்டையும் மாம்பழப் பையும். “வா தம்பி, ஊட்டக் காட்டு” என்றார். வழி நெடுக உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

அந்த வீட்டெதிரே தெருவில் அடுப்பை இறக்கிக் கரியைப் பற்ற வைத்தார். சம்பந்தியம்மாள் வெளியே வந்து இடுப்பில் கை வைத்தாள்.

“இங்கயும் வந்துட்டியா? கண்ணாலத்துல பண்ண பேஜாரு போதாதா?”

“உங்க வாசல்ல வெக்கலீங்க சம்பந்தியம்மா. தெருவுல வெச்சிக்கினு கீறேன். தெரு சர்க்காருது.”

விசிறினார், கீறினார், திருப்பினார். இடுக்கி கம்பியில் பட்டுக் கிடுகிடு என்று சத்தம் கேட்டது. வாசனை கிளம்பித் தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒரு கன்னத்துக்கு உப்புப் போடவே மறந்துவிட்டார். பாவம், பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் வாசற்படிக்கு வந்து நின்றாள். அப்பன் முகத்தை அப்படியே உரித்து வைத்திருந்தது.

இடுக்கியார் எழுந்தார். உப்பில்லாத அந்தக் கன்னத்தை இலையில் வைத்து நீட்டினார்.

“நீ சொல்லியனுப்பின மாதிரியே உப்பக் கொறைச்சிட்டேன், கண்ணு. சாப்ட்டுப் பாரு.”

என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கோமளா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். படியிறங்கி வந்து இலையை வாங்கி, அத்தனை பேர் எதிரே, நின்றபடியே தின்றாள். தோல்தான் மிச்சம்.

“இப்பதான் நைனா சரியா கீது” என்றாள்.

உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. இடுக்கியார் கங்கில் தண்ணீர் தெளித்து அணைத்தார். கோமளா படியில் நின்றுகொண்டே இருந்தாள். நாங்கள் நடந்தோம்.

பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. “இடுக்கியாரே, அத்தனை வாரமும் தின்னது நான்தான்” என்று சொல்லி அழுதுவிட்டேன்.

“தெரியும் தம்பி.”

“தெரியுமா!”

“அவ மாம்பழத்துல உப்புப் பட்டா தொடமாட்டா. சின்னப் புள்ளயிலேர்ந்தே. ஒரு வாரம் பழக்கத்துல உப்பத் தூவி அனுப்பிட்டேன். உப்பு ஜாஸ்தின்னு பதிலு வந்துச்சே, அப்பவே தெரிஞ்சிட்டுது.”

“அப்புறம் ஏன் அவ சொல்லியனுப்பினதா அவகிட்டயே சொன்னீங்க?”

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். “மூணு வருஷங்கழிச்சிப் பாக்கறேன். இன்னா பேசறதுன்னே தெரியல. உன் பொய்யிதான் கைல இருந்திச்சி.”

வண்டி வரும் சத்தம் கேட்டது. எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

“தெரிஞ்சும் எதுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தீங்க? உப்பை எதுக்குக் குறைச்சீங்க?”

“துன்றவன் ஜாஸ்தின்னு சொல்றான். கொறைக்காம இன்னா பண்றது? உனுக்கு மட்டும் இந்த ஊர்ல யாரு கீறாங்க?”

குமுட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். அந்த வருஷம் முழுக்க அந்த ஊரில் நான் சாப்பிட்டேனா என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான், அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வண்டி போன பிறகும் வெகுநேரம் நான் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தேன்.