கம்பெனியில் பூச்சி அண்ணன் எடுத்த கடைசிப் படம்

மலாக்கா மாநிலத்தில் ஒரு கொசுவை முகம் பார்த்து அடையாளம் கண்டு, "நேத்து வந்தவதானே நீ?" என்று விசாரிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பூச்சி அண்ணன்தான்.

ஆயர் குரோவில் நாங்கள் வேலை பார்த்த அட்டைப்பெட்டி கம்பெனியில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். செலண்டாரிலிருந்து மோட்டாரில் வருவார். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

பூச்சிகளைப் படமெடுக்க அவர் வைத்திருந்த கேமரா பழையது. லென்ஸைப் பின்பக்கம் முன்னாகத் திருப்பி மாட்டியிருப்பார். நடுவே நாலு விரல் நீளத்துக்குத் தண்ணீர்க் குழாய், சுற்றிலும் கறுப்பு டேப். "நேரா மாட்டுனா மனுஷன் தெரிவான். திருப்பி மாட்டுனா எறும்போட மீசை தெரியும். எது தம்பி அழகு?" என்பார். ஃபிளாஷ் வெளிச்சத்தில் பூச்சிக்குக் கண் கூசாமலிருக்க, முன்னால் ஒரு தப்பாவ் பெட்டியின் வெள்ளை மூடி. கடையில் சோறு கட்டித் தரும் அதே பெட்டிதான். கழுவவும் மாட்டார்.

"கறி வாசனைக்கு மாடலுங்க தானா வந்துரும்லா!"

இந்தக் கருவியைப் பூச்சிக்கு இரண்டு விரல் தூரத்தில் கொண்டுபோனால்தான் படம் தெளியும். எதையும் திருகிப் பயனில்லை. ஆளே மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைய வேண்டும். மதிய இடைவேளை முழுவதும் கம்பெனிக்குப் பின்னால் சாக்கடையோரப் புல்லில் குப்புறக் கிடப்பார். புதிதாக வந்த காவலாளி, ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டார். சொட்டச் சொட்ட எழுந்த அண்ணன் அழாத குறை.

"அந்தச் சிலந்திப் பொண்ணு இப்பதான் என்னை நிமிர்ந்து பார்த்துச்சு. கெடுத்துட்டானே லா!"

லென்ஸ் என்றால் அவருக்கு உயிர். மேனேஜர் மேடத்தின் உடைந்த மூக்குக்கண்ணாடி, யாரோ வேண்டாமென்ற பைனாகுலர், கம்பெனி தூக்கிப்போட்ட பழைய போட்டோஸ்டேட் மிஷினின் லென்ஸ் என்று எல்லாம் அவர் குழாய்க்குள் போயின. ஆனால் கேட்காமல் ஒரு திருகாணியைக்கூட எடுத்ததில்லை. இதை நான் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை.

தீபாவளி கழிந்த வாரம் ஆபீஸ் மேசைகளில் பலகாரம் தீராது. எல்லார் வீட்டு முறுக்கிலும் எள் இருக்கும். என் மனைவி மட்டும் ஓமம் போடுவாள். "தங்கச்சி கை முறுக்கு தீனியும் ஆச்சு, மருந்தும் ஆச்சு" என்று அண்ணன் ஆறு எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்.

அந்த வருடம் புது போட்டோஸ்டேட் மிஷினில் தாள் சிக்கியது. முறுக்கைக் கடித்தபடியே மூடியைத் திறந்து குனிந்தேன். பாதி முறுக்கு வாயில் நின்றது, மீதி மிஷினுக்குள் போனது. எடுக்கிறேன் பேர்வழி என்று இன்னும் உள்ளே தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கடகடவென்றது, ஒரு ஏப்பம் விட்டது, நின்றுவிட்டது.

மேடம் வந்தார். "யாரு தொட்டது? பூச்சியா? லென்ஸ் கழட்டப் பார்த்தாரா?"

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "காலையில அவர் இதுகிட்ட நின்னாரு மேடம்."

நின்றது உண்மைதான். டேப் இரவல் கேட்டு என்னிடம் வந்திருந்தார்.

அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் தொடல மேடம்" என்று ஒரே தடவை சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். நாளையிலிருந்து கேமரா கம்பெனி வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. செத்த மிஷினை அவருடைய ஸ்டோருக்கே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம், மதியங்களில் அதே சாக்கடையோரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் போக வெட்கப்பட்டு, நான் சுற்றிக்கொண்டு கேண்டீனுக்குப் போனேன். வெட்கம் கெட்டுப்போய் அடுத்த தீபாவளிக்கும் ஆறு முறுக்கு நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

கடைசி நாளன்று என் மேசைமேல் ஓர் உறையை வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஒரு படம். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே பொன்னிறத்தில் ஒரு மலை; அதன் சரிவில் வரிவரியாக ஓர் ஓம விதை, பூசணிக்காய் அளவுக்கு. பின்பக்கம் எழுதியிருந்தார்: "தங்கச்சி கை முறுக்கு. ஓமம் நல்லா விழுந்திருக்கு."

மிஷின் ஸ்டோருக்குப் போன அதே சாயங்காலம் எடுத்திருக்கிறார். எல்லாம் தெரிந்தே இரண்டு வருடம் என்னோடு காலை டீ குடித்திருக்கிறார்.

படத்தை எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் ஒப்புக்கொண்டேன். அவர் முகமும் சுருங்கிப்போனது. "இப்ப வந்து சொல்றீங்களே லா" என்றார்.

சனிக்கிழமை பாயா ரும்புட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு செலண்டாருக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார்.

"அண்ணே, அந்த மிஷின்..."

"ஷ்ஷ்! மூச்சு விடாதீங்க தம்பி. இதைப் பிடிங்க."

தப்பாவ் மூடியை என் கையில் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு படம் விழுந்ததும் சொன்னேன்: "நான்தாண்ணே."

"தெரியும்லா. கை ஆடுது பாருங்க, நேராப் பிடிங்க. சிலந்திப் பொண்ணு இன்னும் போகல."

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் அந்த மூடியை நான்தான் பிடிக்கிறேன். அவர் கூப்பிடுவதில்லை, நானாகப் போகிறேன். அண்ணன் முன்னால் என் தலை இன்னும் நிமிரவில்லை; பூச்சி பார்க்க அதுவே வசதியாக இருக்கிறது.