என் வாசல் லொங்காங்

நான் ஒரு வடிகால் நிபுணன். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டு வரிசையில் நின்று இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. இந்திய நகரங்கள் அடைமழையையும் வெயிலையும் தாங்கி நிற்க என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் எழுதிக் கொடுப்போம். மண்ணைச் சிமெண்டால் மூடாதீர்கள், தண்ணீர் போகும் வழியை அடைக்காதீர்கள் என்று ஒவ்வொரு திட்டத்திலும் மூன்று இடத்திலாவது எழுதுவேன். (எழுதுவதற்கு என்ன, கை வலிக்குமா?)

ஒரு வருடம் தீபாவளிக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து போடும் திறந்த இல்ல உபசரிப்புக்குக் கூடாரம் போட இடம் வேண்டும் என்று வாசல் புல்லை எடுத்துவிட்டு டைல்ஸ் பதித்தேன். அதோடு நின்றிருக்கலாம். வாசலை ஒட்டிப் போகும் லொங்காங்கையும் (எங்கள் பக்கம் சாக்கடைக்கு அதுதான் பெயர்) இடைவெளியே இல்லாமல் கான்கிரீட் போட்டு மூடினேன். வரிசையின் மொத்தத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், சுத்தம் செய்ய ஒரு திறப்பாவது விடச் சொன்னார்.

"அண்ணே, நான் பெரிய பெரிய டவுனுக்கே டிரெயின் போடுறவன்" என்றேன்.

விருந்து முடிந்து சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றின் அதிகாரிகளுக்கு வீட்டுக் கூடத்திலிருந்து இணையம் வழி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை கொட்டியது. பேசுகிற விஷயத்துக்கு நல்ல பொருத்தம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், முட்டாள். அப்போது என் மனைவி கமலா வாசலிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணே வீட்டுக்குள்ள தண்ணி ஏறிருச்சுங்க. அக்கா கட்டில்ல இருக்காங்க."

அண்ணனின் மனைவி சரோஜா அக்காவுக்கு ஒரு பக்கம் வாதம். கீழ்க் கூடத்தில்தான் கட்டில். தானாக எழுந்து ஓர் அடி வைக்க முடியாது. திரையின் அந்தப் பக்கம் அதிகாரிகளோடு இருந்த, பொறியாளரான ஓர் அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. முதலில் போங்கள் என்றார்.

அண்ணனும் நானும் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, மாடிப்படியில் தூக்கி ஏற்றினோம். அக்கா என் சட்டையை விடவே இல்லை. பிறகு அண்ணன் ஒரு சம்மட்டியோடு வந்து என் வாசலில் நின்றார். அந்த நிலையிலும் கேட்டார்.

"தம்பி, ஒடைக்கட்டுமா?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அனுமதி கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. சம்மட்டியை வாங்கி நானே உடைத்தேன். அடியில் கொத்தனார் எடுக்காமல் விட்ட பலகை. அதில் சிக்கி, ஒரு மூட்டை காகிதத் தட்டு. ஓரத்தில் விளக்குப் படம் போட்டது, விருந்துக்காக நான் கடை கடையாகத் தேடி வாங்கியது. அடைப்பு விட்டதும் ஒவ்வொன்றாக மிதந்து போயின. (விருந்தாளிகள்கூட இவ்வளவு ஒழுங்காக வரிசையில் போகவில்லை.)

சொட்டச் சொட்டத் திரும்பி வந்தால், கணினியின் கேமரா வாசலைப் பார்த்தபடி திறந்தே இருந்தது. அதிகாரிகள் யாரும் எழுந்து போகவில்லை. அந்த அம்மா, அவங்க நல்லா இருக்காங்களா என்று மட்டும் கேட்டார். மூடியது யார் என்று கேட்கவில்லை, நானே சொன்னேன். என் விளக்கத்தில் அன்று அவர்கள் குறித்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

இப்போது எங்கள் வாசலில் மறுபடியும் புல். லொங்காங்கின்மேல் தூக்கி எடுக்கிற இரும்புக் கம்பித் தட்டி. மேகம் கறுத்தால் போதும், சரோஜா அக்கா போன் போடுவார்.

"தம்பி, இந்தியா இருக்கட்டும் லா. மொதல்ல நம்ம லொங்காங்க பாருங்க."

வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போவேன். அக்காவின் கட்டில் இன்னும் கீழ்க் கூடத்தில்தான் இருக்கிறது.