கூடுதல் எங்க இருக்கு?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே டேப்பு மாமாவிடம் பொய் சொல்லித் தப்பித்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. மனிதர்கள் சில பேர் தப்பித்திருக்கலாம். வீடுகள் தப்பவில்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. ஒரு நோட்டீஸில் பார்த்திருக்கிறேன். ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி ஒரு மஞ்சள் டேப் தொங்கும். நடக்கும்போது தொடையில் டக் டக்கென்று தட்டும். அந்தச் சத்தம் கேட்டதுமே, "டேப்பு மாமா வர்றாரு" என்று எங்கள் தெரு சொல்லும். சொல்லிவிட்டு உள்ளே ஓடி எதையாவது மறைக்கும்.

அவர் வேலை இதுதான். வீட்டுக்கடன் வட்டியில் ஒரு பங்கை அரசாங்கமே கட்டும் என்று ஒரு மானியம் வந்தது. வீடு கட்டவோ வாங்கவோ எடுத்த முதல் கடனுக்குச் சிக்கலில்லை. அதன்மேல் கூடுதலாகக் கடன் வாங்கியவர்களுக்குத்தான் சோதனை. டாப்-அப் என்று வங்கியில் சொல்வார்கள். அந்தக் கூடுதல் பணம் அறையாகவோ கழிவறையாகவோ தரையாகவோ வீட்டுக்குள்ளேயே நின்றால் அதன் வட்டிக்கும் மானியம் உண்டு. வேறு எங்கே போயிருந்தாலும் கிடையாது. நேரில் பார்த்து எழுத வங்கி ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஆள் டேப்பு மாமா.

படிவத்தில் ஒரு கேள்வி: 'கூடுதல் கடன் வீட்டில் எங்கே உள்ளது?' வேறு யாராவது என்றால் 'மாடி' என்றோ 'பின்கட்டு' என்றோ எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தொலைந்துபோன பிள்ளையைத் தேடி வந்தவர் மாதிரி கேட்பார்.

"கூடுதல் எங்க இருக்கு?"

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டு அக்கா, கூடுதல் கடனில் மகள் கல்யாணத்தை முடித்தவர். மார்பிள் போட்டதாகச் சொல்லிவிட்டு, மார்பிள் படம் அச்சடித்த பிளாஸ்டிக் ஷீட்டை ஹாலில் விரித்து வைத்திருந்தார். டேப்பு மாமா நீளம் அளந்தார், அகலம் அளந்தார். அப்புறம் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தார்.

"ஏம்மா, மார்பிளுன்னா ஜில்லுன்னு இருக்குமே?"

"வெயிலு ஜாஸ்தி மாமா."

"ஓரமெல்லாம் சுருட்டிக்கிட்டு நிக்குது?"

"அதுவும் வெயிலுதான் மாமா."

எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுதினார்: 'தரை உள்ளது. சுருட்டி எடுத்துச் செல்லலாம்.'

இன்னொரு கதை கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் நடந்தது. வங்கி எதிரே இருக்கும் டீக்கடையில் என் வீட்டுக்காரர் கேட்டு வந்து சொன்னது. அந்த வீட்டில் கூடுதல் கடன் படகுக்கு எஞ்சினாக மாறியிருந்தது. மாமா போய் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வீட்டுக்காரம்மா மீன் ஆய்ந்துகொண்டே, "கூடுதலு கடலுக்குப் போயிருக்குது மாமா. வர மத்தியானம் ஆவும்" என்றாராம். வேறு யாராக இருந்தாலும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த பஸ் பிடித்திருப்பார்கள். இவர் கரையில் உட்கார்ந்தார். மத்தியானம் படகு வந்தது. எஞ்சினை மூன்று பக்கமும் அளந்தார். அவர்கள் போட்ட மீன்குழம்பைச் சாப்பிட்டார். பிறகு எழுதினார்: 'கூடுதல் நேரில் பார்வையிடப்பட்டது. நல்ல நிலையில் ஓடுகிறது. வீட்டில் இல்லை.'

மேனேஜர் கத்தினாராம். "ஏன்யா, இல்லைன்னு ஒரு வார்த்த எழுதுனா ஆவாதா?"

"வெறுமனே இல்லைன்னு எழுதுனா குடிச்சுத் தீத்துட்டான்னு நெனைப்பீங்க சார். எங்க போச்சுன்னு யாராச்சும் எழுதி வெக்கணும்ல?"

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவள்தான் நானும். அடுத்தது எங்கள் வீடு என்றதும் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அண்ணாமலை நகரை ஒட்டி எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்குத் தற்காலிக வேலை. சம்பளம் தவணை முறையில் வரும். கடனுக்கு மட்டும் தவணை தவறக் கூடாது. மானியம் வராவிட்டால் வீட்டை விற்பது தவிர வேறு வழியில்லை என்று அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டு, என் கண்ணில் படாமல் இருக்க அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தார். அரிசி எடுப்பது நான்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

எங்கள் கூடுதல் கடன் பாண்டி ஆஸ்பத்திரியில் கரைந்தது. பாப்பா ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது? மாடியில் முன்பு இருந்தவர்கள் கட்டிவிட்டுப் போன ஆஸ்பெஸ்டாஸ் அறை ஒன்று உண்டு. அதற்குப் பெயிண்ட் அடித்துப் புது அறை என்று சொல்லிவிடு என்று மூன்றாவது வீட்டு அக்காதான் யோசனை சொன்னார். மார்பிள் விஷயத்தில் அவருக்குக் கிடைத்த பலனை நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். பெயிண்ட் அடித்தோம். பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம், "போன வருசம் கட்டுனது மாமா" என்று சொல்லிப் பழகினேன்.

வந்தார். கேட்டார். நான் மேலே கை காட்டினேன். ஏறிப்போய் அளந்தார்.

"பத்துக்கு எட்டு" என்றார். பிறகு கூரை மூலையைப் பார்த்தார். அங்கே ஒரு குளவிக்கூடு. அவசரத்தில் அதன் மேலேயும் பெயிண்ட் அடித்திருந்தோம்.

"புது ரூமுல குளவி கூடு கட்டும்மா. ஒத்துக்கறேன். ரோஸ் கலருலயா கட்டும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே பாப்பா அழுதாள். ஓடினேன். அவளைத் தூக்கியதும் பழகி வைத்திருந்த வாக்கியம் மறந்துவிட்டது. அவர் படியிறங்கி வரும்போது சொல்லிவிட்டேன்.

"மாமா, கூடுதலு மேல இல்ல. இவதான்."

ஆஸ்பத்திரி ஃபைலை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எங்கே என்ன இருக்கும் என்று ஏற்கெனவே தெரிந்தவர் போலப் புரட்டினார்.

"எத்தினி நாளு?"

"நாப்பத்தோரு நாளு மாமா."

"நம்மளுது நூத்தி அறுவது" என்றார்.

இதுவரை அளந்த வீடுகளைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அப்படியா மாமா" என்று தலையாட்டினேன்.

பாயில் பாப்பாவைப் படுக்க வைக்கச் சொன்னார். டேப்பை இழுத்தவர், ஒரு நிமிஷம் நின்று அதன் நுனியை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டார். "இரும்பு. ஜில்லுன்னு இருக்கும்" என்றார். சூடானதும் அவள் பக்கத்தில் வைத்து அளந்தார். எழுதினார்: 'கூடுதல் வீட்டின் உள்ளேயே உள்ளது. நீளம் இரண்டு அடி. மேலும் வளரும்.'

"இதுக்கு மானியம் குடுப்பாங்களா மாமா?"

"குடுக்க மாட்டாங்கம்மா."

செருப்பை மாட்டியவர் திரும்பினார். "மேல ரூம பொய் சொல்றதுக்கு மட்டுமா வெச்சிருக்கீங்க? குளவியக் கலைச்சுட்டு வாடகைக்கு உடுங்க. பத்துக்கு எட்டு. படிக்கிற பசங்க ரெண்டு பேரு தாராளமாப் படுக்கலாம்."

முதல் கடனுக்கு மட்டும் மானியம் வந்தது. கூடுதலுக்கு இல்லை. மாடியில் மாணவர்கள் இரண்டு பேர் குடிவந்தார்கள். அந்த வாடகை வந்து கூடுதல் கடனின் வட்டியில் நேராக விழுந்தது. அரிசி டப்பாவுக்குக் கீழே இருந்த தாளை ஒருநாள் நானே கிழித்துப் போட்டேன்.

அடுத்த மாதம் டேப்பு மாமாவின் ஒப்பந்தத்தை வங்கி நீட்டிக்கவில்லை. குழந்தையை அளந்து எழுதியதுதான் காரணமோ? நான் கூசாமல் பொய் சொல்லியிருந்தால், இல்லை முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் வேலை தப்பித்திருக்குமோ? "அது எஞ்சின் விசயமா இருக்கும், நீ ஏன் கெடந்து கொழப்பிக்கிற" என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு இன்னும் தெரியவில்லை.

பாப்பாவின் முதல் பிறந்தநாள் முடிந்த மறுநாள், கேக் டப்பாவோடு கடலூருக்குப் பஸ் ஏறினேன். அவர் விலாசத்தை என் வீட்டுக்காரர் டீக்கடையில் விசாரித்து வந்திருந்தார். வீடு பூட்டியிருந்தது. கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதில்தான் அவர் பெயரை முதல்முறையாகப் படித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"டேப்பு மாமாவா? மங்கலம்பேட்டைல தங்கச்சி ஊட்டுக்குப் போனாரும்மா. போன எடத்துலயே, மழ நாளுல, தவறிட்டாரு. மூணு வாரம் ஆவுது."

"வீடு...?"

"அது அதுக்கும் முன்னாடியே போச்சு. அவரு சம்சாரத்துக்குக் கிட்னி கோளாறு. வீட்டு மேல கூடுதலா கடன வாங்கி நூத்தி அறுவது நாளு ஆஸ்பத்திரில வெச்சுப் பாத்தாரு. தங்கல."

நான் தலையாட்டிய அந்த நூற்று அறுபது.

"மானியத்துக்கு அவரும் எழுதிப் போட்டாரும்மா. நான்தான் சாட்சிக் கையெழுத்து. சமையக்கட்ட இடிச்சுக் கட்டுனேன்னு எழுதிக் குடுய்யா, உன்னைய எவன் வந்து அளக்கப் போறான்னேன். கேட்டாரா மனுசன்?"

"என்ன எழுதினாரு?"

அந்த அம்மா ஜெபமாலையை விரலில் சுற்றினார். "'வீட்டில்தான் இருந்தது. இப்போது இல்லை'ன்னு எழுதுனாரு."

கேக் டப்பாவை அந்தப் பூட்டிய வாசலில் வைத்தேன். எறும்பு வருமே என்று எடுத்துக்கொண்டேன். பஸ் கிளம்பியதும், வைத்துவிட்டே வந்திருக்கலாமோ என்று தோன்றியது.

போன மாதம் மானியத்தை மறுபடி சரிபார்க்க வங்கியிலிருந்து ஒரு புது ஆள் வந்தார். சின்ன வயசு, மரியாதையானவர். டேப் கிடையாது, ஒரு கருவியை அழுத்தினால் எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழும், அளவு தானாக வரும். பாப்பாவுக்கு இப்போது இரண்டு வயதாகிறது. புள்ளியைப் பிடிக்க ஓடி நடுவில் நின்றாள். அது அவள் நெஞ்சில் விழுந்தது.

"மேடம், பாப்பாவக் கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லுங்க. குறுக்க நிக்கிறா, அளவு கம்மியாக் காட்டுது."

அவளைத் தூக்கிக்கொண்டேன். கருவி சுவர் வரைக்கும் அளந்து பீப் என்றது. சரியான அளவுதான். டேப்பு மாமாவாக இருந்தால் அவளைத் தள்ளச் சொல்லியிருக்க மாட்டார். டேப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொண்டு, அவள் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பார்.